வாரம் இரண்டு நாளுக்குக் கட்டம் இல்லை

வேலுத்தாய் இடது உள்ளங்கையில் ஈரத்துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலை அதில் ஒற்றி எடுத்து டேப்லெட் திரையில் அமுக்கினாள். கட்டம் பச்சையானது. அடுத்த கேள்வி வந்தது. மறுபடியும் துணி, மறுபடியும் திரை. காய்ந்த விரலுக்கு அந்தக் கண்ணாடி மசிவதில்லை. இருபத்தொரு வருடம் தீக்குச்சி அள்ளிய விரல் அது. நுனியில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் மூன்று தடவை மறுத்துவிட்டு நான்காம் தடவைதான் அவளை அவள்தான் என்று ஒப்புக்கொள்ளும்.

மடியில் ஒரு நீள நோட்டு. பதில் வந்ததும் முதலில் அதில் பென்சிலால் ஒரு கோடு விழும். நான்கு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று. அதற்குப் பிறகுதான் திரை. சர்வே கம்பெனி நோட்டுக் கேட்கவில்லை. விரல் தப்பாகப் பட்டுத் திரை ஒன்றைப் பதிந்துவிட்டால், சரியானது எது என்று பிறகு யாரிடம் கேட்பது? அதற்காக அவளே வைத்துக்கொண்டது.

"உங்க வீட்டுல யாராவது ஊருக்குள்ள வர்ற பஸ்ஸுல போறதுண்டா? தினமும், எப்போதாவது, இல்லை. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"இல்ல" என்றாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்.

அந்தப் பெண் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே பஸ்ஸில், மூன்றாவது சீட்டில், தக்காளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். இறங்கும்போது, "பைய கொஞ்சம் புடிங்க மேடம்" என்று இவளிடமே கொடுத்து வாங்கியவள். பை இன்னும் பிரிக்கப்படாமல் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பென்சில் 'இல்லை' என்ற வரிசையில் ஒரு கோடு போட்டது. சொன்னதைத்தான் எழுத வேண்டும், கண்டதை எழுதக் கூடாது. பயிற்சியின் முதல் நாளில் சொன்ன முதல் விதி அது. வேலுத்தாய் ஆறு வருடமாக அதை மீறியதில்லை.

வேலுத்தாய்க்கு நாற்பத்தேழு வயது. வீடு கோவில்பட்டியில், ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே. பத்தாவது வரை படித்தவள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலைக்குப் போனாள். கை ஒரு தடவை குச்சிக் குவியலுக்குள் போய்வந்தால் நாற்பது குச்சி வரும். எண்ணுவதில்லை, கைக்குத் தெரியும். சாயங்காலம் செக்கர் வருவார். ஒரு பண்டலில் ஒரே ஒரு பெட்டியை உருவித் தட்டி எண்ணிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பண்டல் போகும். குறைந்தால் மொத்தப் பண்டலும் திரும்பி வரும். இயந்திரம் வந்து பெட்டி அடைக்கும் வேலை சுருங்கிய பிறகு, சர்வே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். மதுரையிலிருந்து வந்த அதிகாரி, ஆயிரம் வீட்டுக்குப் பதில் நூறு வீட்டைக் கேட்டால் போதும் என்பதைப் பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். வேலுத்தாய்க்கு முதல் நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. செக்கர் உருவுகிற பெட்டி.

மற்றதையெல்லாம் அவளே கற்றுக்கொண்டாள். கேள்வியைப் படிக்கும்போது குரல் எந்தப் பதிலின் பக்கமும் சாயக் கூடாது என்று வீட்டில் சுவரைப் பார்த்துப் படித்துப் பழகினாள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் வேறு பதில் சொல்வாள் என்று கண்டுகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு மாமியாரை உள்ளே அனுப்பப் பழகினாள். பூட்டிக் கிடக்கிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. கூலி வேலைக்கு ஏற்றிப்போன வேன் வந்து ஆட்கள் திரும்பும் வரை காத்திருப்பாள். ஏனென்றால் இந்தப் பக்கத்து ஊர்களில் காலை பதினோரு மணிக்குக் கதவு திறந்திருக்கிற வீடுகளை மட்டும் கேட்டால், ஊரில் கிழவர்கள் மட்டும்தான் குடியிருக்கிறார்கள் என்று கணக்கு வரும்.

அப்படிக் காத்திருந்ததில் ஒரு நல்லது நடந்தது. கயத்தாறுப் பக்கம் ஒரு ஊரில் பகுதி நேர ரேஷன் கடை செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும். அந்த நாள் வசதியா என்று ஒரு சர்வே. காலையில் கேட்டவர்களுக்கு, "ரொம்ப வசதி" என்று பதில் கிடைத்தது. வேலுத்தாய் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை அரிசி வாங்க ஒரு நாள் கூலியை விடுகிறோம் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது, ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவளுக்குப் பசிக்கவில்லை. கேட்பதைச் சரியாகக் கேட்டு, சொல்வதைச் சரியாக எழுதினால், அது எங்கேயோ போய் யாரோ ஒருவர் கண்ணில் படும். இது அன்றிலிருந்து அவளுடைய நம்பிக்கை.

இப்போது வந்திருக்கிற ஊர் கீழவாகைப்பட்டி. புதூர் ரோட்டில் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். காலை ஆறு பத்து, மத்தியானம் ஒன்றரை, சாயங்காலம் ஆறு. மூன்று தடவை டவுன் பஸ் விலக்கிலிருந்து உள்ளே வந்து திரும்பும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஊருக்குள் ஏறுகிறவர்களுக்கும் விலக்கில் ஏறுகிறவர்களுக்கும் ஒரே கட்டண ஸ்டேஜ், ஒரே டிக்கெட். அதனால் உள்ளே எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது டிக்கெட் மெஷினுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சர்வே. நூற்றிருபது வீட்டில் மூன்றாவது வீடு, ஆறாவது வீடு என்று கிழக்கிலிருந்து எண்ணி நாற்பது வீடு. மூன்று நாள். போதுமான பேர் போகவில்லையென்றால் பஸ் விலக்கோடு நின்றுவிடும்.

இதை அவளிடம் சொன்னவன் ஹரி. கம்பெனியின் மேற்பார்வையாளன், இருபத்தாறு வயது, மதுரைக்காரன். சொன்னவுடனே, "இத ஊர்ல சொல்லிராதீங்கக்கா. சொன்னா எல்லாரும் தினமும் போறேன்னுதான் சொல்லுவாங்க. சர்வேக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்" என்றான். அது சரிதான். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்தால் பதில் சாயும். இரண்டாவது விதி.

முதல் நாள் பதினான்கு வீடு. பன்னிரண்டு 'இல்லை'. ஆனால் எல்லோரும் கடைசிக் கேள்விக்கு மட்டும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். ஒன்பதாவது கேள்வி, 'உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை தேவையா?' பதினான்கு வீட்டிலும் ஆமாம்.

இரண்டாம் நாள் காலையில் வேல்சாமி வீடு. நாலு ஏக்கர் மானாவாரி. புரட்டாசி விதைப்புக்கு உளுந்தைத் தார்ப்பாயில் பரப்பி, ஓட்டை விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் அவர். கேள்வியைக் கேட்டதும் நிமிராமலே சொன்னார்.

"எங்க வீட்டுல யாரும் போறதில்லம்மா. வண்டி நிக்கி பாருங்க. ஓசி பஸ்ஸுல போற அளவுக்கு நாங்க இன்னும் வரல."

"மாமா, நான் போறேம்லா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ ஆஸ்பத்திரிக்குல்லா போற. அவிய பஸ்ஸுல போறதப் பத்திக் கேக்குதாக."

"ஆஸ்பத்திரிக்கு நடந்தா போறேன்?"

வேல்சாமி ஒரு சொத்தை உளுந்தை எடுத்து வீசினார். மருமகள் வெளியே வந்தாள். சுப்புத்தாய், முப்பத்திரண்டு வயது. இடது முழங்கைக்கு உள்பக்கம் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. அந்தக் கையை எதிலும் இடித்துவிடாமல் மார்போடு அணைத்து வைத்திருந்தாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் ஏழரைக்கு முதல் ஷிப்ட். நாலு மணி நேரம் இரத்தம் மெஷினுக்குள் போய்வர வேண்டும். நன்றாகத்தான் பார்க்கிறார்கள், ஒரு பைசா செலவில்லை என்றாள்.

"காலைல ஆறு பத்துல போயிட்டு ஒன்றரைல வந்துருவேன். வாரம் ரெண்டு நாளு. திங்களும் வியாழனும்."

"வண்டியில கொண்டு விட மாட்டாகளா?"

"போகும்போது விட்டுரலாம். வரும்போது பின்னால உக்கார முடியாதுக்கா. கண்ணு இருட்டிட்டு வரும். ஒருநாள் விலக்குக்கிட்ட விழுந்துட்டேன். மாமாவும் வண்டியோட விழுந்தாக."

வேல்சாமி உளுந்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

வேலுத்தாய் திரையைப் பார்த்தாள். தினமும். எப்போதாவது. இல்லை. விரலைத் துணியில் ஒற்றினாள். உடனே அமுக்கவில்லை. ஈரம் காய்ந்தது. மறுபடியும் ஒற்றினாள். 'தினமும்' என்று அமுக்கினால்தான் ஐந்தாவது கேள்வி திறக்கும்: எதற்காகப் போகிறீர்கள்? வேலை, படிப்பு, மருத்துவம், சந்தை. மருத்துவம் என்று ஒரு கட்டம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இவள் தினமும் போகிறவள் இல்லை. 'எப்போதாவது' என்று அமுக்கினாள். நான்கு கேள்விகளைத் தாண்டிக்கொண்டு திரை ஒன்பதில் போய் நின்றது.

"எக்கா, எப்போதாவதுன்னா போட்டிய?" சுப்புத்தாய் எட்டிப் பார்த்திருந்தாள்.

"மூணுதாம்மா இருக்கு. இதுல வாரம் ரெண்டு நாளுக்குக் கட்டம் இல்ல."

"எப்போதாவது போனா செத்துருவேங்க்கா."

கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள். வேலுத்தாய் ஒன்பதாவது கேள்வியை வாசித்தாள். நிழற்குடை வேணும்தான் என்றாள் சுப்புத்தாய். வெயிலில் நிற்க முடிவதில்லை.

குறிப்பு என்று கடைசியில் ஒரு இடம் உண்டு. நூறு எழுத்துக்கு மேல் ஏறாது. கொம்பும் காலும்கூட ஒவ்வொரு எழுத்தாக எண்ணப்படும் என்பதை வேலுத்தாய் எழுதி எழுதிக் கண்டுபிடித்திருந்தாள். நோட்டில் நான்கு முறை எழுதி அடித்துச் சுருக்கினாள். 'வாரம் 2 நாள் டயாலிசிஸ். திரும்பும்போது நடக்கவோ பைக்கிலோ முடியாது. பஸ்தான் வழி.' அது ஏறியது.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். குடம் வரிசையில் இருந்தது. நேற்று, இன்று இரண்டு நாளிலும் 'இல்லை' சொன்ன ஏழெட்டு முகங்கள் அங்கே இருந்தன. அவர்களில் வாய்க்காரி சொர்ணத்தாய். மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை, வாரத்தில் மூன்று நாள் கோவில்பட்டியில் ஒரு பாத்திரக் கடையில் கழுவித் துடைக்கிற வேலை.

"என்ன மேடம், இன்னும் எழுதி முடியலையா? எங்க ஊரு என்ன டில்லியா?"

"எழுதிட்டேன். ஒண்ணுதான் விளங்கல. பஸ்ஸுல யாரும் போகலன்னு சொல்லுதிய. மத்தியானம் எனக்கு நிக்க எடமில்ல. அதுல வந்ததெல்லாம் யாரு?"

குடங்களுக்கு மேலே சிரிப்புப் பரவியது. "ஊருக்கு வந்த விருந்தாடியா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

சொர்ணத்தாய் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "போறோம்தாங்க்கா. யாரு இல்லங்கா? ஆனா எழுதிராதிய. போன வருசமும் உங்கள மாதிரிதான் ஒருத்தி வந்தா. வீட்டுல ஃபேன் இருக்கா, கேஸ் இருக்கான்னு சிரிச்சி சிரிச்சிக் கேட்டா. மோரு வேற குடுத்தோம். ரெண்டு மாசத்துல மூணு வீட்டுக்கு மகளிர் பணம் நின்னுபோச்சி. மோரு குடுத்த மூணு வீடும் அதுதான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

"ஓசில பஸ்ஸுல போறியே, உனக்கு எதுக்கு ஆயிரம் ரூவான்னு கேப்பாகல்லா? ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் குடுப்பாகளாம். ரெண்டும் வாங்குறது தெரிஞ்சா ஒண்ண வெட்டிருவாகளாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாக."

அந்த மூன்று வீட்டுக்குப் பணம் ஏன் நின்றது என்று வேலுத்தாய்க்கும் தெரியாது. அந்தப் பெண் எந்தக் கம்பெனி, அவள் எழுதியது எங்கே போனது, எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை மறுத்துச் சொல்லவும் முடியவில்லை. செக்கர் உருவிய பெட்டி செக்கரைப் பார்த்துப் பயப்படாது என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே முப்பத்தெட்டு குச்சி இருந்தால் முப்பத்தெட்டைத்தான் காட்டும்.

அப்போதுதான் ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் விதியை மீறினாள். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லக்கூடாது. இது பணத்துக்கு எடுக்குற சர்வே இல்ல. பஸ்ஸுக்கு. நீங்க யாரும் போகலன்னு சொன்னா, பஸ் விலக்கோட நின்னுரும். சொன்ன பதில மாத்திச் சொல்லுறதுக்கு நாளைக்கு ஒரு நாள் இருக்கு. வீட்டுக்கு வாரேன்."

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது.

சொர்ணத்தாய் இடுப்பில் குடத்தை ஏற்றினாள். "பாத்தியாட்டி, எப்படி வாயப் புடுங்குதாக" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். பிறகு இவளைப் பார்த்து, "நீங்க நல்லவியதாங்க்கா. போன வருசம் வந்தவளும் நல்லவதான். சாப்பிட்டியளா?" என்றாள்.

மூன்றாம் நாள் மிச்சமிருந்த பன்னிரண்டு வீட்டையும் முடித்துவிட்டு, 'இல்லை' சொன்ன வீடுகளுக்கு மறுபடியும் போனாள். ஒரு பெண் மட்டும் 'எப்போதாவது' என்று மாற்றிச் சொன்னாள். வேலுத்தாய் வருகிறாள் என்று தெரிந்தே நான்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்பு 'தினமும்' சொல்லியிருந்த ஒரு வீட்டில், "மேடம், அத இல்லன்னு மாத்திருங்க" என்றார்கள். குழாயடிப் பேச்சு இரவோடு ஊரைச் சுற்றி வந்திருந்தது. அவள் சொன்னதால் ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது.

மத்தியானம் விலக்கில் டீக்கடையில் மாரிசெல்வத்தைப் பார்த்தாள். அவனும் இதே கம்பெனிக்காரன், அடுத்த ஊர் அவனுக்கு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே நாற்பது வீட்டையும் முடித்துவிடுவான் என்று அவனுக்குப் பெயர். வேலுத்தாயின் கொழுந்தனுக்குக் கூட்டாளி என்பதால் மயினி என்றுதான் கூப்பிடுவான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருக்கிய? ஒரு பதினஞ்சு வீட்டுக்கு 'தினமும்'னு அமுக்கிவிடுங்க மயினி. பஸ்ஸும் ஓடும், புண்ணியமாவும் போகும். நீங்க ஊருக்குள்ள நிக்கியளான்னு மட்டும்தான் அந்த மெஷினு பாக்கும்" என்றான்.

"அஞ்சு வீட்டுக்கு போன் போட்டு சரிபாப்பாகல்லா?"

"பாத்தா?"

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லம்பாக. நாகலாபுரம் பக்கம் போன வருசம் என்ன ஆச்சி? மூணு வீடு பொய்யின்னு தெரிஞ்சதும் மொத்த ஊரையும் தூக்கிட்டாக. அந்த ஊர்ல ஆளே இல்லாத மாதிரி ரிப்போர்ட்டு போச்சி."

மாரிசெல்வம் டீயை ஆற்றினான். "அப்பம் உண்மையச் சொன்னா பஸ் நிக்கும். பொய் சொன்னா ஊரே நிக்காது. நல்ல வேலைதான் பாக்கோம்" என்றான். சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்காததால் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் அங்கே உட்கார்ந்தே ஹரிக்கு போன் செய்தாள். பயந்துபோய்ப் பொய் சொல்கிறார்கள் தம்பி என்றாள். ஏன் பயம் என்று விளக்கினாள். அவன் நடுவில் பேசாமல் கேட்டான்.

"புரியுதுக்கா. குறிப்புல போட்டுடுங்க."

"அத யாரு படிப்பா?"

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "இந்தத் தடவை அதுக்கு ஆள் போடலக்கா. எண்ணிக்கை மட்டும்தான் மேல போகும். கேள்விய நாம எழுதலையே, அங்கேர்ந்து வந்தது. நான் வேணும்னா கேட்டுப் பாக்குறேன்" என்றான். கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்பான். யாரிடம் கேட்பது என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை சர்வே இல்லை. கோவில்பட்டியில் டேப்லெட்டை ஒப்படைக்க வேண்டியதுதான் மிச்சம். ஆனாலும் வேலுத்தாய் விடிகாலை ஐந்து மணிப் பஸ்ஸில் ஏறிக் கீழவாகைப்பட்டிக்குப் போனாள். கண்டக்டர், "என்னக்கா, வேலை முடிஞ்சதுன்னியளே" என்றார். பின்படிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டாள்.

ஆறு பத்துக்கு ஊருக்குள் பஸ் நின்றது. ஏற ஏறக் கோடு போட்டாள். பூக்கூடைக்காரி. தையல் கடைக்குப் போகிற இரண்டு பெண்கள். கல்லூரிப் பை ஒன்று. முதல் நாள் தக்காளிப் பையோடு வந்தவள். சொர்ணத்தாய் ஏறும்போது இவளைக் கண்டு ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். கடைசியாகச் சுப்புத்தாயை வேல்சாமி கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். இருபத்துமூன்று கோடு. எல்லாம் பெண்கள்.

சுப்புத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரிசல் காட்டில் இருபுறமும் உழுது போட்டிருந்தது. மழை இன்னும் வரவில்லை. விலக்கில் பஸ் திரும்பியதும் சுப்புத்தாய் கேட்டாள்.

"எக்கா, அந்தக் கட்டத்த மாத்திட்டியளா?"

"மாத்துறதுக்கு வேற கட்டம் இல்லம்மா. கீழ எழுதியிருக்கேன். உன் விசயம் முழுசும் எழுதியிருக்கேன்."

"அத வாசிப்பாகளா?"

வேலுத்தாய் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "எழுதியிருக்கேன்" என்றாள் மறுபடியும்.

"பஸ்ஸ நிப்பாட்டப் போறாகன்னு குழாயடியில பேசிக்கிட்டாக. நெசமா?"

"எனக்குத் தெரியாதும்மா."

அது பொய்யில்லை. எத்தனை பேர் சொன்னால் பஸ் ஓடும், எத்தனை பேர் சொன்னால் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சுப்புத்தாய் தலையாட்டினாள். புடைத்த கையை மடியில் வைத்து, அதன் மேல் மற்றக் கையை வைத்து மூடிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எழுப்பிவிட வேண்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், ஒரு டியூஷன் சென்டரின் அறையைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. ஹரி மேசையில் டேப்லெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவளுடையதை மின்வயரில் சொருகித் திறந்தான். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின.

"நாப்பதும் சரியா இருக்கு. ஒரு வீடுகூட விடுபடல. உங்க வேலைல எப்பவும் ஒரு பிழையும் இருக்காதுக்கா." அவன் வாசித்தான். "தினமும் மூணு. எப்போதாவது ஆறு. இல்லை முப்பத்தொண்ணு. நிழற்குடை..." என்று நிறுத்திச் சிரித்தான். "நாப்பதுக்கு நாப்பது. இதுவரைக்கும் எந்த ஊர்லயும் இப்படி வந்ததில்ல. நிழற்குடை கண்டிப்பா வந்துடும்."

"பஸ்ஸு?"

ஹரி திரையில் 'இல்லை' என்ற வரியைத் தொட்டுக் காட்டினான். சிரிப்புப் போய்விட்டது.

வேலுத்தாய் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இருபத்துமூன்று கோடு, ஐந்தைந்தாகக் கட்டி, கடைசியில் மூன்று. மேலே தேதி, நேரம், பஸ் எண். கீழே அவள் கையெழுத்து.

"இது இன்னைக்குக் காலைல ஏறினது. ஊருக்குள்ள மட்டும். நானே எண்ணுனது."

அவன் தாளை எடுத்துப் பார்த்தான். அவனுக்கும் எண்ணத் தெரியும். விரலால் ஒரு முறை எண்ணினான். "இத எதுல சேக்குறதுக்கா? வீட்டு எண் இல்ல, பேர் இல்ல. இவங்கள்ல பாதிப் பேர் நம்ம சாம்பிள்லயே வந்திருக்க மாட்டாங்க."

"தெரியும் தம்பி."

"யாரும் கேக்கலையே இத."

"கேக்கலதான்."

ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் மேசையில் இருந்தது. டேப்லெட் ஒன்று, சார்ஜர் ஒன்று, உறை ஒன்று, அடையாள அட்டை ஒன்று. வேலுத்தாய் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி வைத்தாள். சார்ஜரின் வயரை வளையமாகச் சுற்றிக் கட்டினாள். ஈரத்துணியால் திரையைக் கடைசியாக ஒரு முறை துடைத்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து உறைக்குள் முதலில் வைத்து, அதன் மேல் டேப்லெட்டைச் சொருகி, உறையின் பட்டனை அழுத்திப் பூட்டினாள்.

அவள் நீட்டியதை ஹரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.